குப்புறப் படுக்காத அஞ்சாப்புலியும் என் ஊசியும்

கம்பவுண்டர் வேலை என்பது நோயாளி பிழைத்தால் டாக்டருக்கு மாலையும், பிழைக்காவிட்டால் கம்பவுண்டருக்கு வசவும் விழுகிற வேலை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர், தபால்காரர், ரேஷன் கடையில் அளந்து போடுகிறவர் என்று, யாரோ செய்ததற்கு முன்னால் நின்று பேச்சு வாங்குகிற கூட்டம் நாட்டில் பெரிது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் வசவு சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தப்பு என்னுடையது.

அப்போது புதுச்சேரியில் கொடி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடி மாறினாலும் கோர்ட்டு மாறவில்லை. சட்டம் பிரெஞ்சு, வாதம் பிரெஞ்சு, தீர்ப்பு பிரெஞ்சு. திட்டு மட்டும் தமிழ். டாக்டர் தொமினிக் அவர்களின் டிஸ்பென்சரி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே மிக்சர் கலப்பது, களிம்பு தடவுவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் நான்தான். பெயர் வேலாயுதம். யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் கம்பண்டர்.

வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வயிற்று வலி என்று வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு ஆறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மனிதர் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அரை மணி போயிற்று. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவர் மட்டும் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான்" என்று விளக்கினேன். அந்தக் காலத்தில் பென்சிலின் வந்த புதிது. ஊசி குத்தினால்தான் வைத்தியம், மற்றதெல்லாம் உபசாரம் என்று ஜனங்கள் முடிவு செய்திருந்தார்கள். டாக்டர் ஊசி எழுதாவிட்டால் தனக்கு ஏதோ மரியாதைக் குறைவு நடந்ததாக நினைப்பார்கள். இவர் எழுந்து நின்று, சுருட்டிய கையை இறக்கிவிடாமலே சொன்னார்: "மாத்திர முழுங்குறதுக்கா நான் விடிகாலையில வண்டி கட்டிகினு வந்தேன்?"

நாலு அறை வீடு

எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. நான் ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்த காலம் அது. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். மரியாதை விகுதி மட்டும் அவருக்குக் கப்பலில் வரவில்லை. இடுப்புக்குக் கீழே ஊசி போடுவதற்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: புட்டத்தின் மேல் ஒரு சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். நாலு அறை கிடைக்கும். மேல்பக்கம் வெளியோரமாக இருக்கிற அறையில் மட்டும் ஊசி போடலாம். மற்ற மூன்றில் எங்கேயாவது ஒரு பெரிய நரம்பு ஓடும். இடுப்பிலிருந்து பாதம்வரை போகிற நரம்பு அது. அதைத் தொட்டால் கால் போச்சு.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். நோயாளி குப்புறப் படுத்திருக்க வேண்டும், கால் கட்டைவிரல் இரண்டும் உள்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் சதை தளரும், சிலுவை நேராக இருக்கும். நிற்கிற ஆளுக்குச் சதை இறுகும், உடம்பு திரும்பும், சிலுவை கோணலாகும். ஒரு மாதம் தலையணையில் குத்தவைத்துவிட்டுத்தான் மனிதர்களிடம் என்னை விட்டார். விடும்போது சொன்னது: "ஒரு அறைதான் உனக்கு. மத்த மூணும் ஆண்டவருக்கு. அங்க போகாதே."

அஞ்சாப்புலி

வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சாப்புலி வந்தது தை மாதத்தில் ஒரு காலை நேரம். வலையில் விழுந்த கெளுத்தியை எடுக்கும்போது முள் குத்தி, உள்ளங்கை வீங்கி, சுரமும் வந்திருந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும். கட்டுமரம் தள்ளித் தள்ளிக் கால் இரண்டும் தேக்குமரம் மாதிரி இருந்தன. டாக்டர் பென்சிலின் எழுதிவிட்டு, முத்தியால்பேட்டையில் ஒரு பிரசவத்துக்குக் கிளம்பிப் போனார். நான் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு, மேஜைமேல் குப்புறப் படுக்கச் சொன்னேன்.

அவர் மாட்டேன் என்றார். வெட்கம் என்று நினைத்து, திரையை இழுத்துவிட்டேன். வெட்கம் இல்லை. கடலில் முங்கிப் போனவனைக் கரைக்குக் கொண்டுவந்தால் குப்புறப் போட்டுத்தான் தண்ணீர் எடுப்பார்களாம். உயிரோடு இருக்கிறவன் அப்படிப் படுத்தால் கடல் அவனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாம். குழந்தையில் தூக்கத்தில் புரண்டால்கூட அம்மா எழுந்து திருப்பிப் போடுவாளாம். நான் கெஞ்சினேன், அதட்டினேன். வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் முனகிக்கொண்டிருந்தார்கள். "சரி, நின்னுகிட்டே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை இன்றைக்கும் கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குத்துகிற நேரம் பார்த்து, என்ன செய்கிறேன் என்று இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். மருந்து பாதி போயிருக்கும், தொடையிலிருந்து குதிகால்வரை மின்சாரம் அடித்ததுபோல் துள்ளினார். ஊசியை உருவிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கெளுத்தி முள்ளே தேவலாம் கம்பண்டரே."

ஒரு 'ஆமாம்'

மூன்றாம் நாள் அவரை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கூட்டிவந்தாள் அவர் மனைவி செங்கேணி. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், எனக்குப் பழக்கம்தான். கை வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் வலது பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. விரலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. நடந்தால் பாதம் தரையில் தேய்ந்தது. அந்தக் காலோடு ஈரக் கட்டுமரத்தின்மேல் நிற்க முடியாது என்பது டாக்டருக்குப் புரிகிறதோ இல்லையோ, அவர்கள் இருவருக்கும் புரிந்திருந்தது.

டாக்டர் காலை நீவிப் பார்த்தார், குண்டூசியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு மெதுவாக, "வேலு, படுக்க வெச்சுத்தான போட்ட?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் தானாக வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்பதால், அவர் மறுபடி கேட்கவும் இல்லை. வெளியே வந்து, அவர்களிடம் கவலைப்படாதீர்கள், பார்க்கலாம் என்று சொன்னார். செங்கேணி என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள்: "வரும்னு சொல்லுங்க, வராதுன்னு சொல்லுங்க. பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த உய்சியே

ஒரு மாதம் போயிற்று. கால் வரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி, டவுனில் ஒரு அவொக்காவைப் பிடித்தார்கள். வக்கீலை எங்கள் ஊரில் அவொக்கா என்போம். சம்மன் கொண்டுவருகிற கோர்ட்டு ஆளுக்குப் பெயர் உய்சியே. எங்கள் சம்மனைக் கொண்டுவந்த உய்சியே ஒரு வயதான முசே, அதாவது ஐயா. கறுப்புக் கோட்டு, குடை, நல்ல இருமல். உள்ளே கூட்டமாக இருந்ததால், நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். நானும் அவரை நோயாளி என்றே நினைத்து, நாலாவதாகக் கூப்பிட்டேன்.

டாக்டர் அவர் முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, இருமலுக்கு மிக்சர் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்ட பிறகு, மனிதர் கோட்டுப் பையிலிருந்து முத்திரைத் தாளை எடுத்து டாக்டரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று நீட்டினார். ஊசி போட்டதில் கவனக்குறைவு, கால் முடக்கம், நஷ்ட ஈடு. முதல் எதிரி டாக்டர், இரண்டாம் எதிரி நான். எனக்கு முழங்காலிலிருந்து கீழே உணர்ச்சி இல்லை. என் கால்தான் போய்விட்டதோ என்று பார்த்துக்கொண்டேன். முசே மிக்சருக்கென்று கொண்டுவந்திருந்த சீசாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அது வேற, இது வேற. அத மனசுல வெச்சுகினு மருந்தக் கொறச்சுக் கலந்துடாதீங்க."

எங்கள் அவொக்கா

டாக்டருக்கு ஒரு அவொக்கா அமர்ந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, பேச்சில் பாதி பிரெஞ்சு. கோர்ட்டு நியமித்த பெரிய டாக்டர் அஞ்சாப்புலியைச் சோதித்து எழுதியிருந்த அறிக்கையைப் படித்துக் காட்டினார். நரம்பு அறுபடவில்லை, அடிபட்டிருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நோயாளியை ஒழுங்காகப் படுக்கவைத்துப் போட்டிருந்தால் இது யாருடைய குற்றமும் அல்ல, லட்சத்தில் ஒருவருக்கு நேர்கிற துரதிர்ஷ்டம். நிற்கவைத்துப் போட்டிருந்தால் குற்றம். நின்றுகொண்டுதான் இருந்தேன் என்று அஞ்சாப்புலி சொல்வதற்குச் சாட்சி கிடையாது.

அவொக்கா என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். "படுக்க வெச்சுத்தான் போட்டான்" என்று எனக்காக டாக்டரே பதில் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். குற்றம் என்று ஆனால் எனக்கு வேலை போகும், கம்பவுண்டர் லைசென்ஸ் போகும், வீட்டில் மூன்று பெண்கள். வாயை மூடிக்கொண்டேன். அவொக்கா அங்கேயே உட்கார்ந்து பதில் மனு எழுதினார். தமிழில் சொன்னால், 'மேற்படி நோயாளி மேஜைமீது குப்புறப் படுத்திருந்த நிலையில்' என்று தொடங்கியது. எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு என் தோளில் தட்டினார்: "இந்த ஒரு வரி போதும். மொத்தக் கேஸும் இதுமேலதான் நிக்குது, இல்ல, படுத்திருக்கு."

அவர் மட்டும் சிரித்தார்.

மீன் கூடை

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் செங்கேணியை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். கேஸ் தொடங்கியதிலிருந்து மீன் கடை வரிசைக்கே நான் போகவில்லை. எங்கள் வீட்டில் ஆறு மாதமாகக் கத்தரிக்காய்தான். அன்றைக்கு என் மனைவி தாங்காமல் துரத்திவிட்டாள். நழுவப் பார்த்தேன். செங்கேணி விடவில்லை. கூப்பிட்டு, அடியிலிருந்து நல்ல வஞ்சிரமாக ஒன்றை எடுத்துப் போட்டாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

கட்டைவிரல் அசைகிறது, ஆடித் தேருக்குக் கோல் ஊன்றி வந்தார், இப்போது கோல் இல்லாமலே நாலு அடி வைக்கிறார் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். அவள் கூடைக்கு முன்னாலேயே நின்று கும்பிட்டேன். ஆனால் அவள் முகம் மலரவில்லை. டாக்டர் தரப்புப் பதில் மனுவை அவர்களுடைய அவொக்கா பஞ்சாயத்துக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். குப்புறப் படுத்திருந்தான் என்று கோர்ட்டுத் தாளில் முத்திரையோடு இருக்கிறது. அன்றிலிருந்து அஞ்சாப்புலியைத் தங்கள் கட்டுமரத்தில் ஏற்றிக்கொள்ள ஒருவனும் தயாராக இல்லை. கடல் கணக்கில் சேர்ந்துவிட்டவனோடு யார் போவார்கள்? நான் படுக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். சர்க்கார் தாள் பொய் சொல்லுமா என்று ஊரார் கேட்கிறார்கள்.

மீனை வாழை இலையில் சுற்றித் தந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கால மொடக்குனது ஊசி, அது ஆறிடும். ஆள மொடக்குனது உங்க காயிதம்."

காபியும் ரொட்டியும்

அந்த வஞ்சிரத்தை நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, எங்கள் மதாம், மாதா கோயிலுக்குப் போயிருந்தார். டாக்டர் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், அஞ்சாப்புலியை நிற்கவைத்துத்தான் போட்டேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரொட்டித் துண்டு காபிக்குள்ளேயே உடைந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

வேலையை விட்டுப் போ என்பார், அல்லது இனி மாற்ற முடியாது, சொன்னதையே சொல் என்பார் என்று நினைத்தேன். எது வந்தாலும் நியாயம்தான். அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். தடித்தடியாக வைத்தியப் புத்தகங்கள், எல்லாவற்றிலும் அடையாளத்துக்குக் காகிதத் துண்டு செருகியிருந்தது. ஒழுங்காகப் போட்ட ஊசியில் கால் எப்படிப் போகும் என்று மாதக்கணக்காகத் தேடியிருக்கிறார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, தொலைந்த சாவி கிடைத்தவன் முகத்தில் இருக்கிற நிம்மதி இருந்தது. "நாளன்னைக்கு ஜட்ஜுகிட்ட இதையே சொல்லு" என்றார். பிறகு அலமாரியை மூடிக்கொண்டே சொன்னார்: "பொய் சொன்னத மன்னிச்சுடறேன் வேலு. நான் படிச்ச படிப்பையே என்னைச் சந்தேகப்பட வெச்சியே, அதுக்குத்தான் நேரமாகும்."

ஜட்ஜ் கேட்ட கேள்வி

கோர்ட்டில் எங்கள் அவொக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், அந்தக் கேள்வி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் முசே என்று டாக்டரே சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார். அவர் படுக்கவில்லை. படுக்க மாட்டேன் என்று சொன்னார். நான் அவசரப்பட்டு நிற்கவைத்துப் போட்டேன். டாக்டருக்குத் தெரியாது, அவரிடமும் பொய் சொன்னேன். குற்றம் என்னுடையது. சொல்லி முடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆனால் எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல மூச்சு வந்தது.

ஜட்ஜ் எழுதிக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு அன்றும் தோன்றவில்லை, அத்தனை மாதத் தூக்கமில்லாத யோசனையிலும் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை, இரண்டு அவொக்காக்களுக்கும் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதை முகம் மாறாமல் தமிழில் சொன்னார்: "ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லியிருந்தா என்னவாம்னு கேக்கறாரு."

முத்திரை வைத்த தாள்

எதிர்த்தரப்பு அவொக்கா எழுந்து நின்றுவிட்டார். எதிரியே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அவருக்கு வேலையே இல்லை, வாயைத் திறந்தால் போதும், ஜெயம். அவர் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து அஞ்சாப்புலி எழுந்து முன்னால் வந்தார். வலது காலைக் கொஞ்சம் தூக்கிவைத்துத்தான் நடந்தார், ஆனால் நடந்தார். நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் இப்போது சொன்னது தாளில் ஏறிவிட்டதா என்று ஜட்ஜைக் கேட்டார். ஏறிவிட்டது என்றார்கள். நான் குப்புறப் படுக்கவில்லை என்று தெளிவாக இருக்கிறதா? இருக்கிறது. முத்திரை வைத்து எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா? கிடைக்கும்.

அப்படியென்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், கால் வந்துகொண்டிருக்கிறது, கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவருடைய அவொக்கா அவர் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். மரம் தள்ளுகிற தோள், அசையவில்லை. ஜட்ஜ் மூன்று முறை, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். டாக்டர் தானாக எழுந்து, கால் முழுசாகத் தேறும்வரை வைத்தியம் என் பொறுப்பு என்று சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு வேலை போகவில்லை, லைசென்ஸ் போகவில்லை. ஆனால் அடுத்த பொங்கல்வரை ஊசியைத் தொடக்கூடாது, சீசாதான் கழுவவேண்டும் என்று டாக்டர் அங்கேயே என் காதில் தீர்ப்புச் சொன்னார். அதைவிட இனிமையான தீர்ப்பை நான் கேட்டதில்லை. வாசலில் எதிர்த்தரப்பு அவொக்கா குடையை விரித்துக்கொண்டே எங்கள் அவொக்காவிடம் முணுமுணுத்தது இது: "குத்தத்த ஒத்துக்கிட்டு ஒருத்தன் தப்பிச்சான், ஜெயிச்ச கேஸ ஒருத்தன் வேணாம்ட்டான். நாம ரெண்டு பேரும் எதுக்குங்க வந்தோம்?"

கரையில்

ஐப்பசி மழை விட்டு, கடல் அடங்கிய பிறகு, அஞ்சாப்புலி மரம் ஏறப்போகிறார் என்று செங்கேணி சொல்லி அனுப்பினாள். டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முத்திரைத் தாளைப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டி, ஊரே கையில் வாங்கிப் பார்த்து, அம்மன் சன்னதியில் வைத்து எடுத்திருந்தார்கள். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் அவரோடு வரச் சம்மதித்துவிட்டார்கள். டாக்டர் கரையில் குந்தி, அவர் பாதத்தைக் கையில் ஏந்தி விரலைத் தூக்கச் சொன்னார். ஐந்தும் எழும்பின. சுண்டுவிரல் கொஞ்சம் சோம்பலாகத்தான் எழுந்தது. டாக்டர் எழுந்து, முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மரத்தை அலைக்குத் தள்ளினார்கள். மூன்று பேருக்கு அது கனம். நான் கொஞ்ச தூரத்தில், அஞ்சாப்புலியின் வலது குதிகால் ஈர மணலில் ஊன்றுகிறதா, வழுக்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். ஊன்றியது. மறுபடியும் ஊன்றியது. முட்டி ஆழத்துக்குத் தண்ணீர் வந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்வார், அல்லது இனிமேலாவது ஜாக்கிரதை என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது: "காலையே பாத்துகினு நிக்காதீங்க கம்பண்டரே, வந்து மரத்த ஒரு கை தள்ளுங்க."

தள்ளினேன், வேட்டி நனைந்தது. டாக்டரிடம் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லி முடிக்க, இரண்டு அவொக்கா, ஒரு ஜட்ஜ், ஒரு மொழிபெயர்ப்பாளர், எட்டு மாதம், ஒரு வஞ்சிரம் இத்தனையும் ஒரு கம்பவுண்டருக்குத் தேவைப்பட்டன.